ஒரே அச்சு, பதினைந்து உயரம்: பாலங்களுக்கான மாற்றியமைக்கும் சென்ட்ரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலப் பணிக்குப் புதிதாக வரும் டிப்ளமோ, பி.இ. படித்த பிள்ளைகளும், வீட்டு வேலையில் கை தேர்ந்து பாலத்துக்கு வரும் சென்ட்ரிங் தச்சர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சைட்டில் நின்றுகொண்டு பதில் சொல்லும்போது பாதியில் கலவை வண்டி வந்துவிடும். அதனால் இங்கே நிதானமாக எழுதி வைக்கிறேன்.

சென்ட்ரிங், ஷட்டரிங், ஸ்டேஜிங் எல்லாம் ஒன்றுதானே?

வீட்டு வேலையில் மூன்றையும் சேர்த்துச் சென்ட்ரிங் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பாலத்தில் பிரித்துத்தான் பேச வேண்டும். கான்கிரீட்டைத் தொட்டு நின்று அதற்கு உருவம் கொடுப்பது ஷட்டர். அந்த ஷட்டரின் எடையையும் ஈரக் கான்கிரீட்டின் எடையையும் தாங்கித் தரைக்கோ, தூணுக்கோ, ஏற்கெனவே இறுகிய பாலத்துக்கோ கொண்டுசேர்ப்பது ஸ்டேஜிங். ஷட்டரில் பிழை வந்தால் பாலத்தின் முகம் கெடும். ஸ்டேஜிங்கில் பிழை வந்தால் ஆள் சாவான். இரண்டுக்கும் தனித்தனி வரைபடம், தனித்தனி கணக்கு, தனித்தனி சரிபார்ப்பு இருக்க வேண்டும் என்று நான் விடாப்பிடியாகச் சொல்வது இதனால்தான்.

வீட்டுத் தளத்துக்கு முட்டுக் கொடுப்பதையே பெரிதாகச் செய்தால் போதாதா?

12 சென்டிமீட்டர் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ எடை தரும். கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 2.5 டன் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 6 மீட்டர் ஆழமுள்ள பெட்டி கர்டரின் (உள்ளே வெற்றிடம் விட்ட பெட்டி வடிவ உத்தரம்) பக்கச் சுவருக்கு நேர் கீழே அதே ஒரு சதுர மீட்டரில் 15 டன் உட்காரும். ஐம்பது மடங்கு. சவுக்குக் கட்டையும் மணல் மூட்டையும் வைத்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை இது.

அடுத்தது, முட்டுகளை ஊன்றத் தரை எங்கே? கீழே ஆறு ஓடும், ரயில் போகும், அல்லது நூறு மீட்டர் பள்ளம் இருக்கும். தரையிலிருந்து தாங்க முடியாத இடத்தில் பாலத்தையே பிடித்துத் தொங்கும் அச்சு தேவைப்படுகிறது. அந்த அச்சு ஒரு இடத்தில் வேலை முடித்து அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். நகர்ந்த இடத்தில் அளவும் மாறியிருக்கும். மாற்றியமைக்கும் அச்சு என்ற எண்ணமே இங்கிருந்துதான் பிறக்கிறது.

"மாற்றியமைக்கும்" என்றால் சரியாக எதை மாற்றுகிறோம்?

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். தூணுக்குத் தூண் 120 மீட்டர் இடைவெளி உள்ள ஒரு பாலம். தூணின் தலையிலிருந்து இரு பக்கமும் தராசுத் தட்டு மாதிரி சமமாக நீட்டிக்கொண்டே போகும் முறை, அதாவது பேலன்ஸ்டு கான்டிலீவர். ஒரு பக்கத்துக்குப் பாதி, 60 மீட்டர். தூண் தலையில் முதலில் வார்க்கும் கட்டி 12 மீட்டர் நீளம். அதில் நம் பக்கம் 6 மீட்டர். நடுவில் இரண்டு கைகளையும் இணைக்கும் துண்டு 2 மீட்டர். அதில் பாதி 1 மீட்டர். மிச்சம் 53 மீட்டர். தூணுக்கு அருகே துண்டுகள் கனமானவை என்பதால் 3 மீட்டர் நீளத்தில் 7 துண்டு, பிறகு 4 மீட்டர் நீளத்தில் 8 துண்டு. ஆக 15 துண்டு.

தூணருகே பெட்டியின் ஆழம் ஏறத்தாழ 7 மீட்டர், நடுவில் 3 மீட்டருக்கும் குறைவு என்று வையுங்கள். பதினைந்து துண்டில் ஒன்றின் உயரம்கூட மற்றொன்றுக்குப் பொருந்தாது. துண்டுக்கு ஒரு ஷட்டர் அடித்தால் பதினைந்து ஷட்டர் வேண்டும். ஒரே ஷட்டரைப் பதினைந்து உயரத்துக்கும் ஒத்துப்போக வைப்பதுதான் நம் வேலை.

அதற்கு முதல் முடிவு: எது மாறாது என்று தேர்ந்தெடுப்பது. மேல் தளத்தின் அகலமும் சரிவும் பெரும்பாலும் கடைசிவரை மாறாது. அதனால் மேலே இருப்பதை நிலையாக வைத்துக்கொண்டு, அடிப்பலகையை மட்டும் துண்டுக்குத் துண்டு உயர்த்துகிறோம். வெளிப்பக்க ஷட்டரை முதல் துண்டின் முழு உயரத்துக்கே செய்துவிட வேண்டும். அடிப்பலகை அதன் உள்பக்கமாக ஏறும். ஷட்டரின் மிச்சப் பகுதி கீழே சும்மா தொங்கும். உள்பக்க ஷட்டரில் கழற்றக்கூடிய பட்டைகளாக வைத்து, உயரம் குறையக் குறைய ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். பக்கச் சுவரும் அடித்தளமும் வழியில் எங்கோ மெலியும். அந்த இடத்தில் உள் ஷட்டர் மட்டும் விரிந்து கொடுக்க வேண்டும்.

பக்கச் சுவர் சாய்வாக இருந்தால் தலைவலி கூடும். ஆழம் குறையும்போது அடித்தளத்தின் அகலம் கூடிக்கொண்டே வரும். ஒவ்வொரு துண்டுக்கும் அடிப்பலகையின் ஓரத்தில் புதிதாகப் பட்டை வெட்டிச் சொருக வேண்டும். ஆழம் மாறும் பாலத்தில் சுவரைச் செங்குத்தாக வைத்துக் கொடுங்கள் என்று வடிவமைப்பாளரிடம் நான் கெஞ்சுவதற்குக் காரணம் இதுதான். வரைபடத்தில் ஒரு கோட்டின் சாய்வு. சைட்டில் முப்பது முறை தச்சர் வேலை.

அந்த அச்சு காற்றில் எப்படி நிற்கிறது?

ஃபார்ம் டிராவலர் என்று சொல்வோம். பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களுக்கு நேர் மேலே இரண்டு இரும்புச் சட்டங்கள். பின்பாதி இறுகிய கான்கிரீட்டின்மேல் உட்கார்ந்து, உயர்வலிமைக் கம்பிகளால் அதோடு இறுக்கப்பட்டிருக்கும். முன்பாதி வெளியே நீட்டி நிற்கும். முன்னால் ஒரு குறுக்கு உத்தரம். அதிலிருந்து இறங்கும் தொங்கு கம்பிகள் அடிப்பலகை மேடையைப் பிடித்திருக்கும். துண்டு வார்த்து, வலிமை ஏறி, கேபிள் இழுத்து (கான்கிரீட்டுக்குள் ஓடும் எஃகு வடங்களை இழுத்துப் பூட்டிப் புதுத் துண்டைப் பழையதோடு இறுக்குவது) முடிந்ததும், ஷட்டரைக் கொஞ்சம் தளர்த்தித் தண்டவாளத்தில் மொத்த அமைப்பையும் முன்னால் நகர்த்துவோம்.

பின் நங்கூரக் கம்பிதான் இதன் உயிர். டிராவலர் நகரும்போது பின்னால் பிடித்திருப்பது தண்டவாளமும் அதன் கட்டும் மட்டுமே. நகர்த்தும் நாளில் கீழே ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது.

கான்கிரீட்டை எந்தப் பக்கத்திலிருந்து போட வேண்டும்?

நுனியிலிருந்து. புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய எல்லோருமே பழைய கான்கிரீட்டின் ஓரத்திலிருந்து ஆரம்பிக்கத்தான் கை நீட்டுவார்கள், அதுதான் எட்டுகிற தூரம் என்பதால். ஆனால் எடை ஏற ஏற டிராவலர் முன்னால் வளைந்து தாழும். இணைப்பு ஓரத்தில் முதலில் போட்ட கலவை அதற்குள் இறுக ஆரம்பித்திருந்தால், அந்தத் தாழ்வு அதை இழுத்துப் பிளந்துவிடும். நுனியில் முதலில் போட்டால் தாழ வேண்டியதெல்லாம் தாழ்ந்த பிறகு கடைசியாக இணைப்பு நிரம்பும். வரிசை: அடித்தளம், பக்கச் சுவர், மேல் தளம். இரண்டு கைகளிலும் சேர்ந்தே நடக்க வேண்டும். எவ்வளவு ஏற்றத்தாழ்வு தாங்கும் என்பதை வடிவமைப்பாளர் எழுத்தில் தந்திருப்பார், அதைத் தாண்டக் கூடாது.

மட்டம் பார்க்க விடியற்காலையில் எழுப்புகிறீர்களே, ஏன்?

வெயில் மேல் தளத்தைச் சூடாக்கும். மேலே விரியும், கீழே நிழலில் அப்படியே இருக்கும். அதனால் நீட்டிய கை கீழ்நோக்கி வளையும். மதியம் எடுத்த மட்டத்தை நம்பி அடுத்த ஷட்டரை வைத்தால் அந்தத் தவறு நிரந்தரமாகக் கான்கிரீட்டில் பதிந்துவிடும். சூரியன் ஏறுவதற்குமுன் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். அப்போது எடுத்த அளவோடு, வரப்போகும் எடை, கேபிள் இழுப்பு, கான்கிரீட் நாளடைவில் மெல்லக் குறுகித் தாழ்வது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேம்பர், அதாவது முன்கூட்டியே கொஞ்சம் மேல்தூக்கல், கொடுத்து ஷட்டரை வைக்கிறோம். இரண்டு கைகளும் நடுவில் சந்திக்கும்போது சில மில்லிமீட்டர் வித்தியாசத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் எத்தனை விடியல்கள் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்த முறையை யார் தொடங்கினார்கள்?

1930இல் பிரேசிலில் ரியோ டோ பெய்ஷே ஆற்றின்மேல் எமிலியோ பாம்கார்ட் 68 மீட்டர் இடைவெளியைச் சாரம் இல்லாமல் இரு கரையிலிருந்தும் நீட்டியே கட்டினார். வெள்ளம் சாரத்தை அடித்துக்கொண்டு போகும் ஆறு அது. பிறகு ஜெர்மனியில் உல்ரிக் ஃபின்ஸ்டர்வால்டர், கேபிள் இழுக்கும் நுட்பத்தோடு இதைச் சேர்த்தார். 1951 வாக்கில் பால்டுயின்ஸ்டைனில் லான் ஆற்றின்மேல் 62 மீட்டர், 1953இல் வோர்ம்ஸ் நகரில் ரைன் ஆற்றின்மேல் 114 மீட்டர், 1965இல் பெண்டோர்ஃபில் 208 மீட்டர். 1998இல் நார்வேயின் ஸ்டோல்மா பாலம் 301 மீட்டரை எட்டியது. இந்தியாவில் 1960களின் தொடக்கத்தில் அஸ்ஸாமின் சில்சாரில் பராக் ஆற்றுப் பாலம் இம்முறையில் எழுந்தது.

ஆனால் அச்சைத் திரும்பப் பயன்படுத்தும் சாமர்த்தியத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. பிரான்சில் பிரெஸ்த் நகருக்குப் பக்கத்தில் எலோர்ன் கழிமுகத்தின்மேல் யூஜின் ஃப்ரெய்சினே கட்டி 1930இல் திறந்த ப்ளூகாஸ்தெல் பாலம். மூன்று வளைவுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 180 மீட்டர். மூன்றுக்கும் அவர் செய்தது ஒரே ஒரு மர அச்சு. அதைத் தெப்பங்களில் மிதக்கவிட்டு, ஒரு வளைவு முடிந்ததும் அடுத்த இடத்துக்கு இழுத்துச் சென்றார். தூக்க வேண்டிய வேலையைத் தண்ணீரே செய்தது.

அதே 1930இல் சுவிட்சர்லாந்தில் ராபர்ட் மயார் முடித்த சால்ஜினாடோபெல் பாலம் வேறு வழியில் யோசித்தது. ரிகார்ட் கோராய் என்பவர் ஆழமான பள்ளத்தாக்கிலிருந்து மரச் சாரம் எழுப்பினார். மயார் முதலில் வளைவின் மெல்லிய அடித்தளத்தை மட்டும் வார்த்தார். அது இறுகியதும் மேலே வரும் சுவர்களின் எடையைத் தாங்க அதுவே உதவியது. ஆகவே சாரத்தை முழுப் பாலத்தின் எடைக்கும் வடிவமைக்கத் தேவையில்லாமல் போயிற்று. பாலத்தையே அச்சின் ஒரு பகுதியாக்கிவிட்டார். நான் இன்றும் வியந்து நிற்கும் யோசனை இது.

வளைந்து போகும் பாலத்துக்கு ஷட்டரையும் வளைக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். 200 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 4 மீட்டர் நேர்ப்பலகை வைத்தால் நடுவில் விலகல் 10 மில்லிமீட்டர்தான் (நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரும்). அதையே ஒரு மீட்டர் பலகைகளாக உடைத்தால் ஒரு மில்லிமீட்டரும் தேறாது, கண் கண்டுபிடிக்காது. நேரான சிறு பலகைகளைச் சிறு கோணத்தில் இணைக்கும் கீல்களும் ஆப்புகளும் போதும். உள்வளைவுப் பக்கம் நீளம் குறைவு, வெளிவளைவுப் பக்கம் அதிகம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

யார்டில் முன்கூட்டியே வார்க்கும் துண்டுகளுக்கு இன்னொரு அழகான வழி உண்டு. சென்னை மெட்ரோவின் முதல் கட்ட மேம்பாலப் பாதைகள் இப்படி முன்வார்ப்புத் துண்டுகளைக் கோத்துத்தான் எழுந்தன. இதில் குறு வரிசை முறை என்றால், அச்சு இடத்தைவிட்டு அசையாது. முன்னால் வார்த்த துண்டையே அடுத்ததற்குக் கதவாக நிறுத்துவார்கள். வளைவு வேண்டுமா, அந்தப் பழைய துண்டைக் கொஞ்சம் திருப்பி வை. சரிவு வேண்டுமா, கொஞ்சம் சாய்த்து வை. புதிய துண்டு அதன் முகத்தை அப்படியே வாங்கிக்கொண்டு பிறக்கும்.

மரமா, இரும்பா?

ஒரே அளவு நூறு முறை திரும்ப வந்தால் இரும்பு. அளவு மாறிக்கொண்டே வந்தால் 20 சென்டிமீட்டர் உயர மர உத்தரத்தின்மேல் படலம் ஒட்டிய பிளைவுட். ஆணி ஏறும், ரம்பம் வெட்டும், சைட்டிலேயே திருத்தலாம். இரும்பைச் சைட்டில் திருத்துவது என்றால் கேஸ் கட்டரும் வெல்டிங்கும். ஒவ்வொரு முறையும் தகடு கொஞ்சம் கோணும். டிராவலரில் நான் விரும்புவது கலப்பு: சட்டம் இரும்பு, கான்கிரீட்டைத் தொடும் முகம் பிளைவுட்.

பக்கச் சுவர் ஷட்டர் உப்பிவிட்டது. என்ன தவறு?

ஈரக் கான்கிரீட் திரவம் மாதிரி பக்கவாட்டில் தள்ளும். 4 மீட்டர் உயரத்தை ஒரே மூச்சில் நிரப்பினால், இறுகாத நிலையில் அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 10 டன். இரு பக்க ஷட்டர்களையும் விலகாமல் சேர்த்துப் பிடிக்கும் 15 மில்லிமீட்டர் டை ராட் ஒன்று பாதுகாப்பாக 9 டன் தாங்கும் என்று வழக்கமாகக் கொள்வோம். கணக்கு நீங்களே போடலாம்: அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு ராட் போதாது.

நிரப்பும் வேகமும் சூடும் இதை மாற்றும். நம் ஊர் மே மாத வெயிலில் அடிக் கலவை சீக்கிரம் இறுகும், அழுத்தம் குறையும். ஆனால் அடுக்குக்கு அடுக்கு ஒட்டாமல் கோடு விழும் ஆபத்து கூடும். அதே கலவையை இமயமலைக் குளிரில் போட்டால் நெடுநேரம் திரவமாகவே இருந்து முழு அழுத்தம் கொடுக்கும். தானாகவே பரவும் கலவை என்றால் எந்த ஊரானாலும் முழுத் திரவ அழுத்தத்துக்கே ஷட்டர் போடுங்கள்.

ஒரு முறை நான் பொறுப்பில் இருந்த சுவர் கீழ்ப்பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் உப்பியது. பிரித்துப் பார்த்தால் ஒரு டை ராட் நீளம் போதாமல் வெல்டிங் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. அந்த ஒட்டில்தான் அறுந்திருந்தது. அந்தக் கம்பி வகையைச் சூடாக்கினாலே வலிமை போய்விடும். வெல்டிங் பொறி தெறித்ததைக்கூட ஒதுக்கிவிட வேண்டும். அன்று யாருக்கும் அடிபடவில்லை. அதற்குப் பிறகு வார்ப்புக்கு முந்தைய இரவு டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ராடையும் நானே தொட்டுப் பார்க்காமல் தூங்கப் போனதில்லை.

சாரம் சரிந்து விபத்து நடப்பது ஏன்? எடை தாங்காமலா?

பல பெரிய விபத்துகளில் நேர் எடைக்குக் கணக்கு இருந்தது, பக்கவாட்டுக்கு இல்லை. கனடாவின் ஒட்டாவாவில் 1966 ஆகஸ்ட் 10 அன்று ஹெரான் சாலைப் பாலத்தின் மரச் சாரம் வார்ப்பு நடக்கும்போதே சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். குறுக்கே சாய்வாகக் கட்ட வேண்டிய கட்டைகள் போதவில்லை என்பது விசாரணையில் வந்தது. இங்கிலாந்தில் ரெடிங் அருகே 1972 அக்டோபர் 24 அன்று லாடன் ஆற்றுப் பாலத்தின் சாரம் விழுந்து 3 பேர் இறந்தார்கள். அதன் பின் ஸ்டீஃபன் ப்ராக் தலைமையில் குழு அமைந்தது. அதன் பரிந்துரைகளின் வழியில் 1982இல் வந்த பிரிட்டிஷ் விதிநூல், எந்தச் சாரமானாலும் செங்குத்து எடையில் குறைந்தது 2.5 சதவீதத்தைப் பக்கவாட்டு விசையாக எடுத்துத்தான் வடிவமைக்க வேண்டும் என்றது. காற்றே இல்லாவிட்டாலும். ஏனென்றால் எந்த முட்டும் நூல் பிடித்தாற்போல் நிற்பதில்லை.

ஸ்வீடனின் சாண்டோ வளைவுப் பாலத்தில் 1939 ஆகஸ்ட் 31 அன்று வார்ப்பின்போது அச்சு உடைந்து 18 பேர் மாண்டார்கள். மறுநாள் உலகப் போர் மூண்டது. அந்தச் செய்திக்கடியில் இந்தப் பதினெட்டுப் பேரும் புதைந்துபோனார்கள். புதிதாக வரும் பொறியாளர்களிடம் இந்தத் தேதிகளைச் சொல்லாமல் நான் சாரம் பற்றிப் பேச ஆரம்பிப்பதில்லை.

நம் நாட்டில் சாலைப் பாலங்களின் அச்சுக்கும் சாரத்துக்கும் ஐஆர்சி 87, பொதுவாகச் சாரத்துக்கு ஐஎஸ் 14687 என்ற விதிநூல்கள் உள்ளன. வாங்கி மேசையில் வையுங்கள்.

ஷட்டரை எத்தனை நாளில் பிரிக்கலாம்?

கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 456 தரும் எண்கள், சாதாரண சிமென்டுக்கும் 15 டிகிரிக்குக் குறையாத வெப்பத்துக்கும்: செங்குத்துப் பக்கங்கள் 16 முதல் 24 மணி நேரம், 6 மீட்டர் வரையுள்ள உத்தரங்களின் முட்டு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். டிராவலரில் நாள் கணக்கை நம்ப முடியாது, கான்கிரீட்டின் வலிமைதான் கணக்கு. அதே கலவையில் வார்த்த சோதனைக் கியூபை உடைத்து, கேபிள் இழுக்கத் தேவையான வலிமை வந்ததா என்று பார்த்து, இழுத்து முடித்த பிறகே தளர்த்த வேண்டும்.

வரிசையும் முக்கியம். இரு முனையிலும் தாங்கிய தளத்துக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு முட்டுகளை எடுங்கள். ஒரு முனையில் மட்டும் பிடித்த நீட்டலுக்கு நுனியிலிருந்து உள்ளே வாருங்கள். மாற்றிச் செய்தால், கான்கிரீட்டில் கம்பி இல்லாத பக்கத்தில் இழுவிசை வந்து வெடிக்கும்.

பழைய இன்ஜின் ஆயில் தடவலாமா?

கூடாது. கறை விடும், கம்பியில் பட்டால் கான்கிரீட் ஒட்டாது. அச்சுக்கென்றே விற்கும் எண்ணெயைத் துணியால் மெல்லிய படலமாகத் துடைத்துவிடுங்கள். கம்பி கட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். கான்கிரீட் முகத்தில் தேன்கூடு மாதிரி பொத்தல் வருவதற்கு எண்ணெய் காரணமில்லை. பலகை இணைப்பில் சிமென்ட் பால் ஒழுகியிருக்கும், அல்லது வைப்ரேட்டர் ஊசி கம்பிக் கூட்டத்துக்குள் இறங்க வழியிருந்திருக்காது.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஸ்டேஜிங் கோபுரம், ஜாக்கி, டை ராட் வாடகைக்கு. பிளைவுட் சொந்தமாக. டிராவலர், அடுத்த பாலமும் கையில் இருந்தால் சொந்தமாக.

கான்கிரீட்டை அச்சிடும் இயந்திரம் வந்துவிட்டதே, இனி ஷட்டர் எதற்கு?

வெனிஸ் நகரில் 2021இல் ஸ்ட்ரியேட்டஸ் என்ற நடைபாலத்தை 53 அச்சிட்ட கட்டிகளை அடுக்கியே நிறுத்தினார்கள். உள்ளே கம்பியும் இல்லை. அழகான வேலை. ஆனால் கவனியுங்கள், அந்தக் கட்டிகளை அடுக்கும்போது கீழே தற்காலிகச் சாரம் இருந்தது. கடைசிக் கட்டி பூட்டும்வரை வளைவு தானாக நிற்காது. லாரி ஓடும் பாலத்துக்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

வார்ப்பு நாளில் கடைசியாக என்ன பார்க்க வேண்டும்?

நங்கூரக் கம்பி, தொங்கு கம்பி, டை ராட், ஆப்பு: ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பட்டியலிட்டு, பார்த்தவர் பெயரெழுதிக் கையெழுத்து. கையெழுத்திடுபவர் வேலையை அவசரப்படுத்துபவராக இருக்கக் கூடாது. இன்று நம் சைட்டுகளில் ஃபிட்டர்களும் தச்சர்களும் பலர் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள். உயரம் மாற்றும் அட்டவணையை ஆங்கில எழுத்தில் ஒட்டிவிட்டு நகர்ந்தால் போதாது. அடிப்பலகை இந்தத் துண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது, எந்தப் பட்டை கழல்கிறது என்பதைப் படம் போட்டு, அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்ல வேண்டும். சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். அதன் பிறகு பம்புக்காரரிடம் கை காட்டலாம்.